நந்தா விளக்கும் உறுப்புக்கொடையும்: இளையோர் நினைவைப் போற்றும் மரபு – காவிரிப் படுகையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மூளைச்சாவு அடைந்த இளையோரின் உறுப்புகளைப் பெற்றோர் கொடையளித்து அவர்தம் நினைவைப் போற்றும் வழக்கம் தமிழகத்தில் 2008ஆம் ஆண்டிற்குப் பின் பரவலாயிற்று. இவ்வழக்கத்திற்கு மரபுவழி முன்மாதிரியாகச் சிபிச் சோழன் கதையும் கண்ணப்ப நாயனார் கதையும் எடுத்துக்காட்டப்படுகின்றன. இவ்விரு கதைகளும் உயிருடன் இருப்பவர் தம் உடலைத் தாமே அளித்த செய்தியைக் கூறுவன. இறந்தவர் பொருட்டு அவர்தம் உறவினர் செய்யும் கொடைக்கு நெருங்கிய முன்மாதிரி, சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படும் நந்தா விளக்கு அறக்கட்டளையே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புக்கொடை, அதற்கு முன் வெளியான அரசாணைகள், 2023இல் அறிவிக்கப்பட்ட அரசு மரியாதை ஆகியன இக்கோணத்தில் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறுப்புக்கொடை, மூளைச்சாவு, நந்தா விளக்கு, ஆதுலசாலை, ஹிதேந்திரன், காவிரிப் படுகை

முன்னுரை

இளமையில் நேரும் சாவு குடும்பத்தின் இயல்பான வரிசையைக் குலைப்பது. பெற்றோருக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டிய கடன்களைப் பிள்ளைக்குப் பெற்றோர் செய்ய நேர்கிறது. முதுமையில் இறந்தவருக்கு மக்களும் பேரரும் நினைவாக எஞ்சுகின்றனர். இளமையில் இறந்தவருக்கு அவ்வாறு எஞ்சுவோர் இலர். ஆகவே அவர் நினைவை எங்கு, எதன் வழியே நிறுத்துவது என்னும் வினா ஒவ்வொரு சமூகத்திலும் எழுந்துள்ளது. நடுகல், பள்ளிப்படை, விளக்குக் கொடை, அன்னதானக் கட்டளை, கல்வி உதவித்தொகை எனக் காலந்தோறும் விடைகள் மாறிவந்துள்ளன. உறுப்புக்கொடை அவ்விடைகளுள் அண்மையது.

காவிரிப் படுகை இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க களமாகும். இறந்தோர் பெயரால் செய்யப்பட்ட கொடைகளைக் கல்லில் பொறித்து வைத்த நெடிய மரபு இப்பகுதிக்கு உண்டு. கொடுத்தவர் யார், கொடுத்தது எவ்வளவு, அதனைக் காப்பவர் யார் என்னும் மூன்றையும் பதிவுசெய்த சமூகம் இது. தற்கால உறுப்புக்கொடை முறையும் இதே மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டியுள்ளது. இந்த ஒப்புமையையும் அதன் எல்லைகளையும் வரலாற்று நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சிபி மரபும் அதன் எல்லையும்

புறாவின் உயிரைக் காக்கத் தன் தசையை அரிந்து துலாக்கோலில் இட்டு, இறுதியில் தானே ஏறி நின்ற சிபியைத் தம் முன்னோனாகச் சோழர் போற்றினர். செம்பியன் என்னும் சோழர் பெயர் சிபியின் வழித்தோன்றல் என்னும் பொருளில் விளக்கப்படுகிறது. புறநானூற்றுப் பாடல்கள் சிலவும் சோழ மன்னரை இக்கதையோடு இணைத்தே புகழ்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், இறைவன் கண்ணில் குருதி வழியக் கண்டு தன் கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பர் வரலாறு இடம்பெறுகிறது. உறுப்புக்கொடை விழிப்புணர்வுப் பேச்சுகளில் இவ்விரு கதைகளும் அடிக்கடி எடுத்தாளப்படுவது இயல்பே.

ஆயினும் இவற்றின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. சிபியும் கண்ணப்பரும் உயிருடன் இருந்து, தாமே முடிவெடுத்து, தம் உடலைத் தாமே அளித்தவர்கள். கொடையின் பெருமை முழுவதும் அவர்கள் ஏற்ற வலியில் தங்கியுள்ளது. மூளைச்சாவு அடைந்த இளைஞரின் நிலை வேறு. அவருக்கு வலி இல்லை. முடிவெடுக்கும் நிலையும் இல்லை. முடிவெடுப்போர் பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர். அவர்கள் அளிப்பது தம் உடலை அன்று. தம்மினும் தமக்கு இனியவரின் உடலை.

பிள்ளையை அளித்த பெற்றோர் எனக் கருதும்போது, காவிரிப் படுகையின் திருச்செங்காட்டங்குடியோடு தொடர்புடைய சிறுத்தொண்டர் வரலாறு நினைவிற்கு வரலாம். அக்கதையும் இங்குப் பொருந்தாது. சிறுத்தொண்டர் கதையில் அடியவரின் வேண்டுகோளை நிறைவேற்றவே மகனின் உயிர் போக்கப்படுகிறது. உறுப்புக்கொடையின் அடிப்படை அறமோ இதற்கு நேர்மாறானது. கொடையின் பொருட்டு ஓர் உயிரும் போக்கப்படலாகாது. சாவு முன்னரே, கொடை பற்றிய எண்ணத்திற்குத் தொடர்பின்றி, உறுதிசெய்யப்பட்டிருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தெளிவுபடுத்தாமல் தியாகக் கதைகளை முன்னிறுத்துவது, உறுப்புக்காகவே சாவு அறிவிக்கப்படுகிறதோ என்னும் ஐயத்தை வளர்க்கவும் கூடும்.

2. இறந்தார் பெயரால் ஈதல்: கல்வெட்டுச் சான்றுகள்

தியாகக் கதைகளுக்கு வெளியே, சோழர் காலச் சமூகம் நாள்தோறும் கைக்கொண்ட மற்றொரு கொடைமுறை இருந்தது. இறந்தவருக்காக உயிருடன் இருப்போர் கோயிலில் நந்தா விளக்கு வைத்தனர். அணையாது எரியும் விளக்கு என்பது இதன் பொருள். ஒரு விளக்கிற்குப் பொதுவாக 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 96 ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்களோ 16 எருமைகளோ கணக்கிடப்பட்டமை காணப்படுகிறது. கால்நடைகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். மந்தையில் இறப்பனவும் மூப்பனவும் புதிதாகப் பிறப்பனவற்றால் ஈடுசெய்யப்பட்டு எண்ணிக்கை குறையாது நிற்க வேண்டும் என்பதால், அவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன.

இம்முறை விபத்துச் சாவுகளுக்கும் பயன்பட்டது. வேட்டையில் விலங்கென்று கருதி எய்த அம்பு மனிதர்மேல் பட்டு உயிர்போன நிகழ்வுகளைத் தொண்டை மண்டல, நடுநாட்டுக் கல்வெட்டுகள் சில குறிப்பிடுகின்றன. கொலை நோக்கமில்லை என்பதை ஊராரும் நாட்டாரும் கூடி ஆராய்ந்து, சாவுக்குக் காரணமானவர் இறந்தவருக்காக விளக்கு வைக்க வேண்டும் என முடிவுசெய்தனர். தற்செயலாக நேர்ந்த சாவு, பழிக்குப் பழியாக முடியாமல், பொது இடத்தில் நின்று ஒளிரும் நினைவாக மாற்றப்பட்டது.

இளையோர் சாவு தண்டனை ஆவணமாக மட்டும் எஞ்சியதும் உண்டு. சுந்தர சோழனின் மகன் ஆதித்த கரிகாலன் இளமையில் கொல்லப்பட்டான். அவன் சாவைப் பற்றிய முதன்மையான சான்றான உடையார்குடிக் கல்வெட்டு, கொலையில் தொடர்புடையோரின் உடைமைகளைப் பறிமுதல் செய்த செய்தியைக் கூறுவது. மாறாக, அவன் உடன்பிறந்த குந்தவை தன் பெற்றோரின் நினைவைப் போற்றிய முறை ஆக்க வகையினது. பெரிய கோயிலில் தன் தந்தையாகிய பொன்மாளிகைத் துஞ்சின தேவரின் திருமேனியையும் தாயின் திருமேனியையும் அவர் எழுந்தருளுவித்தார். செம்பியன் மாதேவி கோனேரிராசபுரம் கோயிலைத் தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் கற்றளியாக்கியதும், பட்டீசுவரத்தில் பஞ்சவன் மாதேவிக்குப் பள்ளிப்படை எழுந்ததும் இவ்வகையின.

இக்கொடைகளின் பொதுக்கூறுகள் நான்கு. முதலாவது, கொடுப்பவர் உயிருடன் இருப்பவர்; கொடை இறந்தவர் பெயரில் அமைகிறது. இரண்டாவது, கொடைப்பொருள் ஒருமுறை செலவாகித் தீர்வதன்று. தொடர்ந்து பயன் தருவது. மூன்றாவது, அதனைக் காக்கும் பொறுப்பு கொடுத்த குடும்பத்திடமிருந்து சபை, கோயில், இடையர் ஆகிய பிறரிடம் மாற்றப்படுகிறது. நான்காவது, அனைத்தும் எவரும் காணுமாறு பதிவாகிறது. தன் கொடையோடு தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் பெரிய கோயிலின் கல்லில் வெட்டுமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டது இந்நான்காம் கூறின் உச்சம் எனலாம். உறுப்புக்கொடையிலும் இந்நான்கு கூறுகளே அதன் வெற்றியை முடிவுசெய்கின்றன.

3. ஆதுலசாலையும் நோயாளர் பதிவும்

நினைவுக்கொடையும் மருத்துவமும் காவிரிப் படுகையில் முன்னரே இணைந்திருந்தன. தந்தையின் பெயர் தாங்கிய சுந்தர சோழ விண்ணகர் ஆதுலசாலை என்னும் மருத்துவமனைக்குக் குந்தவை நிலம் அளித்த செய்தி, முதலாம் இராசேந்திரன் ஆட்சிக்காலக் கல்வெட்டுகளால் அறியப்படுகிறது. தந்தைக்குத் திருமேனி எடுத்த அதே மகள், அவர் பெயரிலான மருத்துவச்சாலைக்கும் கொடையளித்தார் என்பது எண்ணத்தக்கது. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையையும், அதில் பணிபுரிந்த மருத்துவர், அறுவை மருத்துவம் செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்குரிய ஊதியத்தையும் விரிவாகத் தருகிறது.

தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசியின் ஆட்சிக்காலம் 1798 முதல் 1832 வரையிலானது. அவர் நிறுவிய தன்வந்திரி மகால் மருத்துவ ஆய்வும் மருந்து ஆக்கமும் நடைபெற்ற இடமாகும். கண் நோயாளிகளின் நோய்நிலை, மேற்கொண்ட மருத்துவம், கண்ணின் வண்ணப்படங்கள் ஆகியவற்றைக் கொண்ட ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியே பதிவுசெய்யும் ஒழுங்கு, பிற்கால உறுப்பு மாற்று முறைக்கு அடிப்படையாக அமைந்த பண்புகளுள் ஒன்று.

உடலின் ஒரு பகுதியை இறப்பிற்குப் பின் அளிக்கும் வழக்கம் தமிழகத்தில் கண்ணிலிருந்தே தொடங்கிற்று. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945இல் சென்னை எழும்பூர் அரசுக் கண் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்.இ.எஸ். முத்தையாவின் முயற்சியால் தோன்றியது. இதயத் துடிப்பு நின்ற பின்னரும் சில மணி நேரம் வரை விழிவெண்படலத்தை எடுக்க இயலும். இதயம், கல்லீரல் போன்ற உறுப்புகளுக்கு அவ்வாறு இயலாது. குருதியோட்டம் நிற்கும் முன்னரே அவற்றை எடுக்க வேண்டும். இதனால் சாவு என்பதன் வரையறையே மறு ஆய்விற்கு உட்பட்டது.

4. சட்டம் அமைத்த களம்: 1994 முதல் 2008 வரை

1967 டிசம்பர் 3 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரில் கிறித்தியான் பர்னார்டு உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையைச் செய்தார். 1968இல் ஆர்வர்டு பல்கலைக்கழகக் குழு மூளைச்சாவிற்கான அளவுகோல்களை வெளியிட்டது. இந்தியாவில் அப்போது இதற்கான சட்டம் இல்லை. 1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் உயிருடன் உள்ள ஏழைகளின் சிறுநீரகங்கள் விலைக்கு வாங்கப்பட்டன. சென்னை வில்லிவாக்கத்தைக் ‘கிட்னிவாக்கம்’ எனக் கேலியாகக் குறிக்கும் அளவிற்கு இவ்வணிகம் தமிழகத்திற்கு இழுக்கைத் தந்தது.

இச்சூழலில் 1994இல் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நிறைவேறியது. அது உறுப்பு வணிகத்தைக் குற்றமாக்கியது. மூளைத்தண்டுச் சாவைச் சட்டப்படியான சாவாக ஏற்றது. மருத்துவமனைப் பொறுப்பாளர், தனித்த வல்லுநர், நரம்பியல் வல்லுநர், சிகிச்சையளிக்கும் மருத்துவர் ஆகிய நால்வர் குழு, குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவையில் ஈடுபடும் மருத்துவர் இக்குழுவில் இடம்பெறலாகாது. இறந்தவர் 18 வயதிற்குட்பட்டவராயின் பெற்றோருள் ஒருவர் ஒப்புதல் அளிக்க வேண்டும். அதே 1994ஆம் ஆண்டு ஆகத்து 3 அன்று தில்லி அனைத்திந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் மருத்துவர் பி. வேணுகோபால் தலைமையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான இதய மாற்று அறுவை நடைபெற்றது.

சட்டம் வழியைத் திறந்தபோதும் மக்கள் அவ்வழியில் உடனே நடக்கவில்லை. சென்னையில் 1997இல் தோன்றிய மோகன் அறக்கட்டளை போன்ற தன்னார்வ அமைப்புகள் மருத்துவமனைகளுக்கிடையே உறுப்புப் பகிர்வை ஒழுங்குசெய்ய முயன்றன. எனினும் மூளைச்சாவை அறிவிக்க மருத்துவமனைகள் தயங்கின. விபத்துச் சாவாயின் காவல்துறை விசாரணையும் உடற்கூறாய்வும் தேவை. இவற்றை உறுப்பு அகற்றலுடன் இணைக்கும் தெளிவான நடைமுறை இல்லை. எந்த உறுப்பு எவருக்கு என்பதை முடிவுசெய்யும் பொது அமைப்பும் இல்லை. விளக்கிற்கு ஆடு கொடுக்க ஒருவர் முன்வந்தாலும், அதனை ஏற்று நெய்யளக்கப் பொறுப்பேற்பார் இல்லாத நிலை என இதனைக் கூறலாம்.

2008 செப்டம்பர் மாதத்தில் தமிழக அரசு வெளியிட்ட தொடர் ஆணைகள் இக்குறையைப் போக்கின. மூளைச்சாவைச் சான்றளிக்கும் நடைமுறை, மருத்துவமனைகளின் கடமைகள், உறுப்புப் பகிர்விற்கான முன்னுரிமை வரிசை ஆகியன வகுக்கப்பட்டன. மருத்துவர் ஜெ. அமலோர்பவநாதன் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்க, மூளைச்சாவடைந்தோர் உறுப்பு மாற்றுத் திட்டம் உருப்பெற்றது. பின்னாளில் இதுவே தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக வளர்ந்தது.

5. ஹிதேந்திரன்

அரசாணைகள் வெளியான அதே மாதத்தின் மூன்றாம் வாரத்தில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது மாணவன் ஹிதேந்திரன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் படுகாயமுற்றான். சென்னை தேனாம்பேட்டையில் உள்ள மருத்துவமனையில் அவனுக்கு மூளைச்சாவு உறுதியாயிற்று. அவன் பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகன் இனி மீளான் என்பதை மருத்துவ அறிவால் உணர்ந்த அவர்கள் உறுப்புகளை அளிக்க ஒப்பினர். செப்டம்பர் 23 அன்று அவன் இதயம் முகப்பேரில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை சாலைச் சந்திப்புகளில் ஊர்திகளை நிறுத்தி வழியமைத்ததால், நெரிசல் மிகுந்த அத்தொலைவு ஏறத்தாழ 11 நிமிடங்களில் கடக்கப்பட்டது. கல்லீரலும் சிறுநீரகங்களும் கண்களும் பிறருக்குப் பயன்பட்டன.

இந்நிகழ்வு நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் விரிவாக இடம்பெற்றது. 2011இல் வெளியான ‘டிராபிக்’ என்னும் மலையாளத் திரைப்படமும், 2013இல் வெளியான அதன் தமிழாக்கமான ‘சென்னையில் ஒரு நாள்’ திரைப்படமும் இதனைத் தழுவியவை. உறுப்புக்கொடைத் துறையினர் இதன் தாக்கத்தை ‘ஹிதேந்திரன் விளைவு’ என்றே குறிப்பிடுகின்றனர். அடுத்து வந்த ஆண்டுகளில் தமிழகம் இந்திய அளவில் முன்னணி மாநிலமாயிற்று.

இங்கு வரலாற்று நோக்கில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஒரு சிறுவனின் இறப்பே தமிழகத்தின் உறுப்புக்கொடைத் திட்டத்தைத் தோற்றுவித்தது என்னும் கருத்து பரவலாக உள்ளது. கால வரிசை அதற்கு இடந்தரவில்லை. ஆணைகள் முன்னரே வெளியாகிவிட்டன. நிகழ்வு சில நாள்கள் கழித்தே நேர்ந்தது. ஆணைகள் மட்டும் இருந்திருப்பின் அவை கோப்புகளில் உறங்கியிருக்கக்கூடும். நிகழ்வு மட்டும் நேர்ந்திருப்பின் அது ஒரு குடும்பத்தின் தனிப்பெருமையாக நின்றிருக்கக்கூடும். குடும்பத்தின் முடிவும் அதனை ஏற்றுத் தொடரும் அமைப்பும் ஒரே மாதத்தில் சந்தித்ததே திருப்புமுனை. ஹிதேந்திரனுக்குப் பின் தம் பிள்ளையை இழந்த வேறொரு பெற்றோர் மருத்துவர்களாக இருக்க வேண்டியதில்லை. காவல் உயர் அலுவலர் தனியே முயல வேண்டியதில்லை. நடைமுறை அவர்களுக்காகக் காத்திருந்தது. அச்சிறுவனின் உண்மையான மரபுச்செல்வம் இதுவே.

6. உலக நிகழ்வுகளோடு ஒப்பீடு

இதே வகையான இரு நிகழ்வுகள் ஒப்பிடத்தக்கன. பர்னார்டு பொருத்திய இதயம், சாலையைக் கடக்கும்போது ஊர்தி மோதி மூளை சிதைந்த 25 வயது டெனிசு டார்வல் என்னும் பெண்ணுடையது. அவர் தந்தை ஒப்புதல் அளித்தார். அவரது சிறுநீரகம் ஒன்று, அந்நாட்டின் நிறவெறிச் சட்டங்கள் ‘கலப்பினம்’ என வகைப்படுத்திய ஒரு சிறுவனுக்குப் பொருத்தப்பட்டது. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனைக் கூடம் அனைத்திலும் நிறத்தால் பிரிக்கப்பட்ட நாட்டில், வெள்ளையினப் பெண்ணின் உறுப்பு அப்பிரிவைக் கடந்தது விவாதத்திற்கு உள்ளாயிற்று.

1994இல் இத்தாலியில் குடும்பத்துடன் பயணம் செய்த நிக்கோலசு கிரீன் என்னும் 7 வயது அமெரிக்கச் சிறுவன் கொள்ளையரால் சுடப்பட்டு இறந்தான். தம் மகனைக் கொன்ற மண்ணின் மக்களுக்கே அவன் உறுப்புகளைப் பெற்றோர் அளித்தனர், எழுவர் பயன்பெற்றனர். அடுத்த பத்தாண்டுகளில் இத்தாலியின் கொடை விகிதம் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. இது ‘நிக்கோலசு விளைவு’ எனப்பட்டது. அந்நாட்டில் நிகழ்வு முதலில் நேர்ந்தது. உறுப்பு மாற்றிற்கான விரிவான தேசியச் சட்டம் 1999இல் வந்தது. தமிழகத்தில் ஆணை முந்தியது, நிகழ்வு பிந்தியது. வரிசை மாறினாலும் இரண்டும் சேர்ந்த பின்னரே நிலையான பயன் விளைந்தது என்பது இவ்வொப்பீட்டின் முடிவு.

டார்வல் நிகழ்வு காவிரிப் படுகைக்கும் ஒரு பொருளுடையது. ஊருக்கும் சேரிக்கும் தனித்தனிச் சுடுகாடுகளும், பிணம் செல்லும் பாதை குறித்த பூசல்களும் நிலவிய வேளாண் பகுதி இது. உறுப்பு ஒதுக்கீட்டு வரிசையோ குருதிப் பிரிவு, உறுப்பின் பொருத்தம், நோயின் கடுமை, பதிவின் முதன்மை ஆகியவற்றை நோக்குகிறது. சாவிலும் பிரிந்து நின்ற உடல்களுக்கிடையே சாதி வினவாத ஓர் உறவு இவ்வழியே ஏற்படுகிறது. பெறுநர் யாரென்று கொடுத்த குடும்பத்திற்குத் தெரிவிக்கப்படாமை இவ்வுறவின் நடுநிலையைக் காக்கும் அரணாகும்.

7. அரசு மரியாதையும் அது எழுப்பும் வினாக்களும்

உறுப்புக்கொடை அளித்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என 2023 செப்டம்பர் 23 அன்று தமிழக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். ஹிதேந்திரனின் இதயம் வேறொரு நெஞ்சில் துடிக்கத் தொடங்கி 15 ஆண்டுகள் நிறைந்த நாள் அது. சில நாள்களில் தேனி மாவட்டத்தில் முதல் மரியாதை செலுத்தப்பட்டது. ஆட்சியாளர்க்கும் படைவீரர்க்கும் உரியதாக இருந்த மரியாதை, கூலித் தொழிலாளிக்கும் கல்லூரி மாணவருக்கும் உரியதாயிற்று. கொடுத்தார் பெயரை, அவர் அரச குடும்பத்தினராயினும் பிறராயினும், ஒருசேரக் கல்லில் வெட்டிய மரபின் தொடர்ச்சியாக இதனைக் கருதலாம்.

தமிழகத்தில் மூளைச்சாவுக் கொடையாளர் எண்ணிக்கை 2023இல் 178 ஆகவும் 2024இல் 268 ஆகவும் இருந்தது. இவ்வுயர்வை அரசு மரியாதையின் விளைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. உறுப்பு மாற்று அறுவை நடைபெறாத அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் உறுப்புகளை அகற்ற ஏற்பாடு செய்யப்பட்டமை, ஒருங்கிணைப்பாளர் பயிற்சி ஆகியனவும் காரணங்களாகும்.

மரியாதை இரு வினாக்களை எழுப்புகிறது. முதலாவது, ஒப்புதலின் உரிமை பற்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாயிலில் நிற்கும் பெற்றோருக்கு ‘இயலாது’ எனக் கூறும் உரிமை முழுமையாக இருக்க வேண்டும். கொடுத்தார்க்கு மலர்வளையம் வைக்கும் சமூகம் கொடாதாரைக் குறைத்து நோக்கத் தொடங்குமாயின், கொடை கடமையாகி, கடமை வற்புறுத்தலாகும். இளம் பிள்ளையை இழந்த தாய் அவ்வுடலை முழுமையாகவே அடக்கம் செய்ய விரும்புவதும் அன்பின் வடிவமே. மறுப்பைப் பழிக்காத சமூகத்தில்தான் ஒப்புதல் பொருளுடையதாகிறது.

இரண்டாவது, பகிர்வின் நேர்மை பற்றியது. கேரளத்தைச் சேர்ந்த விபத்தாளி ஒருவரின் உறுப்புகள் சேலத்தில் எடுக்கப்பட்ட முறை குறித்து 2018இல் கேரள முதலமைச்சர் தமிழக முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார். வெளிநாட்டு நோயாளிகளுக்கு உறுப்புகள் சென்றமை பற்றியும் அக்காலத்தில் கேள்விகள் எழுந்தன. உள்நாட்டு நோயாளிக்குப் பின்னரே வெளிநாட்டவர் என்னும் முன்னுரிமை விதியின் இன்றியமையாமையை இவ்விவாதங்கள் வலியுறுத்தின. ஏழைக் குடும்பம் அளிக்கும் உறுப்பு, பொருள் படைத்தார்க்கே சென்று சேருமாயின், மரியாதை வெறும் சடங்காகிவிடும். அரசு மருத்துவமனைகளில் உறுப்பு மாற்று அறுவை நடைபெறுவதும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதற்கான செலவை ஏற்பதும் இவ்வகையில் மரியாதையினும் முதன்மையானவை.

8. படுகையின் இன்றைய நிலை

1959இல் தொடங்கப்பெற்ற தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, தஞ்சாவூர் மட்டுமன்றித் திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, புதுக்கோட்டை, அரியலூர் மாவட்ட மக்களும் நாடிவரும் உயர்நிலை மருத்துவமனையாக விளங்கிவருகிறது. திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய இடங்களிலும் பின்னர் அரசு மருத்துவக் கல்லூரிகள் தோன்றின. சாலை விபத்துகளில் தலைக்காயமுற்ற இளையோர் வந்து சேருமிடங்கள் இவை. ஆகவே கொடை குறித்த முடிவு எடுக்கப்படும் களங்களும் இவையே.

இவ்விடத்தில் புவியியல் ஒரு தடையாகிறது. உடலிலிருந்து எடுக்கப்பட்ட இதயம் ஏறத்தாழ 4 மணி நேரத்திற்குள் பொருத்தப்பட வேண்டும். கல்லீரலுக்கு ஏறத்தாழ 12 மணி நேரமும் சிறுநீரகத்திற்கு 24 மணி நேரமும் அதற்கு மேலும் உண்டு. தஞ்சாவூரிலிருந்து சென்னை சாலைவழியாக ஏறத்தாழ 340 கிலோமீட்டர். இதயம் செல்ல வேண்டுமாயின் திருச்சிராப்பள்ளி வானூர்தி நிலையத்தை நாட வேண்டும். பெருநகரில் 11 நிமிடங்களில் முடிந்த பயணம் இங்குப் பல துறைகளின் கூட்டுப்பணியாகிறது.

நீர்ப்பங்கீட்டில் காவிரிப் படுகை மக்கள் நன்கறிந்த சொல் ‘கடைமடை’. மேட்டூர் அணை திறக்கப்பட்டாலும், வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் எட்டும் நாளே அவ்வாண்டின் பாசனம் நேர்மையாக நடந்ததா என்பதைக் காட்டும். உறுப்புப் பகிர்விற்கும் இவ்வளவுகோல் பொருந்தும். படுகையிலிருந்து எத்தனை உறுப்புகள் புறப்பட்டன என்பது ஒரு கணக்கு. வாரந்தோறும் குருதிச் சுத்திகரிப்பிற்காகப் பேருந்தில் பயணம் செய்யும் படுகையின் சிறுநீரக நோயாளிகளுள் எத்தனை பேர் மாற்று உறுப்புக்கான பட்டியலில் பதிவாகி, தம் முறை வரும்போது அதனைப் பெற்றனர் என்பது மற்றொரு கணக்கு. இரண்டாம் கணக்கே முறையின் தரத்தை உணர்த்தும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. இளையோர் நினைவாகச் செய்யப்படும் உறுப்புக்கொடையைச் சிபி, கண்ணப்பர் ஆகியோரின் தன்னுடல் தியாகத்தோடு இணைப்பது உணர்வளவில் பொருந்தினும் அமைப்பளவில் பொருந்தாது. உயிருடன் இருப்போர் இறந்தவர் பெயரால் அளித்து, பிறர் பொறுப்பில் ஒப்படைத்து, பதிவுசெய்து, தொடர்ந்து பயன்பெறச் செய்த நந்தா விளக்கு மரபே அதற்கு நெருங்கிய முன்மாதிரியாகும்.

இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. விளக்குக்கொடை இறந்தவருக்குப் புண்ணியம் சேரும் என்னும் நம்பிக்கையில் எழுந்தது. உறுப்புக்கொடை அத்தகைய உறுதி எதனையும் தருவதில்லை. விளக்கின் ஒளி கோயிலுக்கு உரியது. உறுப்போ பெயரறியாத ஒருவருக்கு உரியது. கைம்மாறும் காட்சியும் இன்றிச் செய்யப்படுவதால் இக்கொடை ஒருவகையில் பழைய கொடையினும் கடினமானது.

விளக்கு அணையாது எரிந்தமைக்குக் காரணம் கொடுத்தவரின் அன்பு மட்டும் அன்று. நாள்தோறும் உழக்கு நெய் அளந்தோரும், அவர் அளக்கத் தவறாமல் கண்காணித்தோரும் ஆவர். அவ்வாறே ஹிதேந்திரனையும் அவனுக்குப் பின் வந்த இளையோரையும் போற்றுவது மலர்வளையத்தோடு முடிவதன்று. ஐயத்திற்கு இடமற்ற மூளைச்சாவுச் சான்று, வற்புறுத்தலற்ற ஒப்புதல், கடைமடை வரை எட்டும் நேர்மையான பகிர்வு ஆகிய மூன்றையும் காப்பதே அவர்களுக்குச் செலுத்தும் நிலையான மரியாதையாகும்.